நாம் நிற்கும்போதே விழட்டும் என்றவர்

பனச்சமூடு சந்தையில் மரச்சீனிக் கிழங்கு எடை போட நின்றபோது ஆஸ்பத்திரி ரிசப்ஷன் சுஜா போன் செய்தாள். "அண்ணே, ஸ்டெல்லா சேச்சி போயிட்டாவ." எங்கே என்று கேட்டேன். மறுமுனையில் அழுகை கேட்ட பிறகுதான் விளங்கியது. எனக்கு எதுவும் மெதுவாகத்தான் ஏறும். பத்தாம் வகுப்பே இரண்டாம் தடவைதான் ஏறியது.

நெய்யாற்றின்கரையில் நம் ஆஸ்பத்திரிக்கு நான் எலக்ட்ரீஷியன். கணினி அறை ஸ்டெல்லாவின் பொறுப்பு. டோக்கன், மருந்துச் சீட்டு, ரத்தப் பரிசோதனை எல்லாம் அங்கே இரண்டு சர்வர்களில் ஓடுகின்றன. தரவு மட்டும் இரண்டுக்கும் பொதுவான ஒரு சேமிப்புப் பெட்டியில். கணினி படித்த என் மகள் இதைப் படம் வரைந்து விளக்கியும் புரியவில்லை. ஸ்டெல்லா சொன்னார்: "ஒருத்தன் விழுந்தா, அடுத்தவன் அதே நோட்டை எடுத்து மீதி எழுதணும். அவ்வளவுதான்."

மாதத்துக்கு ஒரு சனிக்கிழமை நண்பகலில், அடுத்தவன் எடுக்கிறானா என்று பார்க்க, இரண்டு யூபிஎஸ்களில் ஒன்றை அவரே அணைப்பார். ஓடுவதை எதற்கு நிறுத்த வேண்டும் என்று மேனேஜர் சாடுவார். "எப்படியும் ஒருநாள் விழும் சார். நாம நிக்கும்போ விழட்டும்."

புதுச் சேமிப்புப் பெட்டி வந்தபோது அதன் இரண்டு மின்வயர்களையும் சேர்த்துக் கட்டி, ஒரே யூபிஎஸ்ஸில் மாட்டியவன் நான். பார்க்க அழகாக இருந்தது. போட்டோ எடுத்து மகளுக்கும் அனுப்பினேன். அந்தச் சனிக்கிழமை ஸ்டெல்லா அந்த யூபிஎஸ்ஸையே அணைத்தார். ஒரு சர்வர் விழுந்தது. மற்றது கை நீட்டியது. எடுக்க நோட்டு இல்லை; பெட்டியும் அணைந்திருந்தது. ஓபி முழுக்கக் காகிதச் சீட்டுக்கு மாறியது.

ஸ்டெல்லா பெட்டிக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். குளத்தூர்க் கடற்கரைக்காரர் அல்லவா. "அண்ணே, எங்கப்பா வள்ளத்துல ரெண்டு எஞ்சின் உண்டு. மண்ணெண்ணெய்க் கேனும் ரெண்டாக்கும். நீங்க ரெண்டையும் ஒரே கேன்ல மாட்டி, பூ வச்சி சோடிச்சிருக்கிய."

யார் தவறு என்று மேனேஜர் ஓடி வந்தார். என் பெயர் ஸ்டெல்லாவின் வாயில் வரவில்லை. "நாங்க நிக்கும்போ விழுந்துது சார். அதுக்காக்கும் சோதனை." பிறகு ஒரு வயரில் சிவப்பு டேப்பும் மற்றதில் நீல டேப்பும் சுற்றி, வேறு வேறு யூபிஎஸ்ஸில் மாட்டினார்.

அடக்கம் முடிந்த மறுநாளே கணினி அறைக் கதவில் ஓர் அறிவிப்பு: இனிச் சோதனை இல்லை. கையில் மாலையோடு நின்று கண்ணீர் விட்டவர்கள்தான் ஒட்டியிருந்தார்கள். அதைக் கிழித்துக்கொண்டு மேனேஜரிடம் போனேன். "சரி சார். இனி ஒருநாளும் விழாதுன்னு எழுதி கையொப்பு போட்டுத் தாங்க. இதுக்குப் பதிலா அதை ஒட்டுதேன்." இன்றுவரை தரவில்லை.

ஸ்டெல்லா விட்டுப்போன டேப் சுருள்கள் இரண்டும் என் கருவிப் பையில் இருக்கின்றன. கணினிப் பிரிவில் மீதியுள்ள இருவரும் திரையைப் பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டார்கள். வருகிற சனிக்கிழமை பன்னிரண்டரை மணிக்கு நானே அணைப்பேன். என்னை வேலையை விட்டு அனுப்புவதாக இருந்தால் ஒரு மணிக்கு மேல் அனுப்பட்டும். ஓபியில் இருக்கும் நீங்கள் காகிதச் சீட்டுகளை எடுத்து வைத்திருங்கள்.