டீசல் பத்தாது என்றான் மகன்

எனக்கு எழுத்து அவ்வளவாக வராது. ஆனாலும் இதை நானேதான் எழுதுகிறேன்.

வளைகுடா நாட்டில், ரூவியில் வேலை பார்க்கும் என் மகன், போன குளிர்காலத்தில் படுக்கை வைத்த கேம்பர் வேன் ஒன்றை வாடகைக்கு எடுத்து, எங்களை ஜெபல் ஷம்ஸ் மலைக்கு அழைத்துப் போனான். "டீசல் ஹீட்டர் இருக்கும்மா, குளிரே தெரியாது" என்றான். அதை நம்பித்தான் மூச்சிழுப்பு உள்ள நான் கிளம்பினேன்.

பொழுது சாய்ந்ததும் மலையில் கைகால் விறைத்தது. ஹீட்டரைப் போடச் சொன்னேன்.

"அது டீசலைக் குடிச்சே தீத்துடும்மா. காலையில இறங்கப் பத்தாது."

எல்லோரும் ஊர் போய்ச் சேர வேண்டுமே என்று வாயை மூடிக்கொண்டேன். விடியும்வரை மூச்சு இழுத்தபடி கிடந்தேன்.

காலையில் பக்கத்து வேனிலிருந்து ஒரு யாழ்ப்பாணத்துப் பெண் தேநீர் கொண்டுவந்தாள். டீசல் பத்தாதென்று இரவு ஹீட்டர் போடாததை அவளிடம் சொன்னேன்.

"எங்களிட்டயும் இந்த ஹீட்டர்தான் அம்மா. விடிய விடிய எரிஞ்சும் ரெண்டு லீற்றர்தான் குடிச்சது" என்றாள்.

மகனைப் பார்த்தேன்.

"அது வேலை செய்யாதும்மா. வண்டி எடுக்கும்போதே தெரியும். சொன்னா நீ வந்திருக்க மாட்டே."

இப்போதும் கூப்பிடுகிறான், போகிறேன். முதலில் ஹீட்டரைப் போடச் சொல்லி, அதன் வாயில் உள்ளங்கையை வைக்கிறேன். "எரியுதும்மா" என்பான். சூடு படும்வரை கையை எடுக்க மாட்டேன்.