டெல்மருக்கு முழுச் சம்பளம்

என் தங்கை மகள் போனியின் புருஷன் டெல்மர் யெரபெக் பால் டேங்கர் ஓட்டுகிறவன். அதோடு எங்கள் கெல்னர் கார்னர்ஸ் பள்ளிக்கூட வாரியத்தில் ஐந்து உறுப்பினர்களில் ஒருவன். இந்த இரண்டாவது வேலைக்கு வருஷத்துக்கு ஒரு காசோலை வரும். அதை வைத்து டேங்கருக்கு ஒரு டயர் வாங்கலாம். அதுவும் நல்ல டயராக இருக்காது.

இருட்டோடு கிளம்பிப் பண்ணை பண்ணையாகப் போவான். தொட்டி மூடியைத் திறந்து பாலை மோந்து பார்ப்பான். வாடை சரியாக இருந்தால்தான் குழாயை மாட்டுவான். பால் ஏறி முடிகிறவரை அங்கேயே நிற்க வேண்டும், நகர முடியாது. பண்ணைக்காரர்கள் அவனைப் பிடித்துக்கொள்வது அப்போதுதான். பஸ் பிள்ளைகளை ரோட்டின் அந்தப் பக்கம் இறக்கிவிடுகிறது, ஜிம் கூரை ஒழுகுகிறது, புதுக் கணக்கு வாத்தியார் சொல்லிக்கொடுப்பது அப்பனுக்கே புரியவில்லை. எல்லாம் அவன் காதில்தான் விழும். ஒருத்தரிடமும் எரிந்து விழ மாட்டான்.

"ஊர்ப் பாலையும் ஏத்திக்கிட்டு வரான், ஊர்ப் புலம்பலையும் ஏத்திக்கிட்டு வரான்" என்பாள் போனி. "பாலையாவது ஃபாக்டரியில இறக்கிட்டு வரான்."

வெள்ளிக்கிழமை ஊரே கூடித் தின்கிற மீன் வறுவலுக்குப் போனாலும் அவனுக்கு நிம்மதி கிடையாது. வாரியக்காரர்கள் மூன்று பேர் ஒரே மேஜையில் உட்கார்ந்து பள்ளிக்கூடத்தைப் பற்றி வாயைத் திறந்தால் அது கூட்டம் ஆகிவிடுமாம், முன்கூட்டியே ஊருக்கு அறிவிக்க வேண்டுமாம். ஒரு நாள் இடம் இருந்தது இரண்டு உறுப்பினர்கள் இருந்த மேஜையில் மட்டும்தான். டெல்மர் கோட்டு மாட்டுகிற மூலையில் தட்டோடு நின்றே தின்றான்.

"உக்காந்து தின்னுடா" என்றேன்.

"உக்காந்தா சட்ட விரோதம் பெரியம்மா" என்றான், வாய் நிறைய மீனோடு.

இந்தக் கோடையில் டேங்கர் முதலாளி அவனைக் கூப்பிட்டுச் சாயங்கால நடையையும் நீயே ஓட்டு, இல்லையென்றால் இரண்டு நடையும் வேறு ஆளுக்குப் போகும் என்று சொல்லிவிட்டார். வாரியக் கூட்டமெல்லாம் சாயங்காலத்தில்தான். போனி கறாராகச் சொன்னாள்: "இந்த வருஷ ஊர்க் கூட்டத்துல வழி பொறந்தா சரி. இல்லேன்னா வாரியத்த விடு. இல்ல, என்ன விடு."

"ரெண்டுக்கும் சம்பளம் கிடையாதே போனி, எத விடறது?" என்றான் இவன். ஸ்பூன் பறந்தது. ஆனால் அடுத்த தேர்தலில் நிற்கப் போவதில்லை என்று அவனும் மனசுக்குள் முடிவு கட்டிவிட்டான். கண்ணைப் பார்த்தாலே தெரிந்தது.

எங்கள் விஸ்கான்சினில் இப்படிப்பட்ட சின்ன ஊர்களில் வாரியத்துக்கு என்ன சம்பளம் என்பதை வாரியம் தீர்மானிக்காது. வருஷத்துக்கு ஒரு தரம் ஜிம்மில் கூடி ஊர்தான் கை தூக்கும். முழு நேரச் சம்பளம் கொடுக்க வேண்டும் என்று இந்த முறை நானே கேட்பது என்று கிளம்பினேன்.

கூட்டத்துக்கு நேரம் குறித்தது பள்ளிக்கூட நிர்வாகத்துக்கு வந்த புது சூப்பரின்டென்டன்ட் அம்மாள். பட்டணத்துக்காரி. ஐந்தரைக்கு வைத்திருந்தாள். மாடு கறக்கிற நேரம்! இந்த ஊரில் பிறந்த எவரும் அந்த நேரத்தில் சாவுச் சடங்குகூட வைக்க மாட்டார்கள். ஒரு பண்ணைக்காரரும் வரவில்லை. வாத்தியார்களும் சர்ச்சுப் பெண்களும் கடைக்காரர்களும்தான் வந்திருந்தார்கள், எல்லாம் எனக்கு வேண்டிய முகங்கள். எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம்.

எழுந்து சொன்னேன். "பஸ் ஓட்டறவருக்குச் சம்பளம், பிரின்சிபாலுக்குச் சம்பளம். இவங்களையெல்லாம் மேய்க்கிறவனுக்கு மட்டும் புண்ணியமா? இப்படியே விட்டா ரிட்டையர் ஆனவனும் காசு உள்ளவனும்தான் வாரியத்துல உக்காருவான். உங்க பிள்ளைங்க சோறு என்ன விலைன்னு அவனுக்குத் தெரியுமா?"

கை தட்டினார்கள். பள்ளிச் சமையல்காரி வழிமொழிந்தாள். கை தூக்க வேண்டியது மட்டும்தான் பாக்கி. அப்போது மேடையிலிருந்த டெல்மர் மைக்கை இழுத்தான்.

"பண்ணைக்காரங்க இப்ப மாட்டுக்கிட்ட இருக்காங்க. இதுக்கு அவங்களும்தான் வரி கட்டணும். எட்டு மணிக்குத் தள்ளி வெச்சா வந்துடுவாங்க."

"டேய், வாய மூடு!" என்றேன். ஜிம் முழுக்கச் சிரித்தது.

"இல்ல பெரியம்மா. அவங்க இல்லாதப்ப இத வாங்கிட்டு, காலையில எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு அவங்க தொட்டிகிட்ட நிப்பேன்?"

எட்டு மணிக்குத் தள்ளி வைத்தார்கள். என் பக்கத்தில் போனி பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

எட்டுக்கு வந்தார்கள், பூட்ஸில் சாணியோடு. கிளெட்டஸ் ஹானெக் முதலில் எழுந்தார். வாரியத்தைப் பற்றி டெல்மரிடம் அதிகம் புலம்புகிற ஆளே அவர்தான்.

"பால் விக்கிற விலைக்கு எனக்கே சம்பளம் இல்ல. அது கெடக்கட்டும். சம்பளம்னு வெச்சா சம்பளத்துக்காகவே ஒருத்தன் வருவான். ஆபீஸ் போடுவான். நான் சட்டைய மாத்திக்கிட்டுப் போய் வாசல்ல காத்துக் கெடக்கணும். இவன்னா என் பால் அறைக்கே வரான், நான் திட்டறதக் கேக்கறான்."

"கேக்கறவன் காதுக்குக் கூலி குடுய்யா!" என்றேன்.

கை தூக்கச் சொன்னார்கள். எங்கள் பக்கம் கொஞ்சம் கைகள்தான். வேண்டாம் என்றவர்கள் கையைத் தூக்கியபோது சோளக்காடு எழுந்து நின்ற மாதிரி இருந்தது. முடிந்தது. டெல்மர் தன் முன்னால் இருந்த தண்ணீர் பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தான். போனி கைப்பையை மடியில் எடுத்து வைத்தாள்.

கிளெட்டஸ் உட்காரவில்லை. "இவன் விட்டுட்டுப் போறான்னு கேள்விப்பட்டேன். மெய்தானா டெல்மர்?"

டெல்மர் தலையாட்டினான். கிளெட்டஸ் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.

"அப்ப ஒண்ணு பண்ணுவோம். கூட்டம் இருக்கற சாயங்காலம் வேற ஆளு வண்டிய ஓட்டட்டும். அந்த நடையில இவனுக்கு விட்டுப்போற கூலிய ஊரு குடுக்கட்டும். வாரியத்துல யாரு வேலைய விட்டுட்டு வந்தாலும் அப்படித்தான். சம்பளம் இல்ல, வராத கூலிக்கு ஈடு."

டெல்மர் முதலாளியைப் பார்த்தான். அவர் கடைசி வரிசையில் நின்றிருந்தார். "ஆளு வந்தா எனக்கென்ன?" என்று தோளைக் குலுக்கினார்.

மறுபடி கைகள் எழுந்தன, ஒவ்வொன்றாக, பிறகு ஒரேயடியாக. டெல்மர் யாருடைய கையையும் பார்க்கவில்லை. போனியை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் ஒழுகுகிற கூரையைப் பார்த்தாள், சாணி மிதித்த தரையைப் பார்த்தாள், கிளெட்டஸை முறைத்தாள். அப்புறம்தான் கைப்பையைக் கீழே வைத்துவிட்டுக் கையைத் தூக்கினாள்.

அவன் முகத்தில் வந்த சிரிப்பை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

"உங்க கை என்னாச்சு பெரியம்மா?" என்றாள் போனி.

"மடியில இருக்கு. நான் கேட்டது முழுச் சம்பளம். அரையும் குறையுமா குடுக்கறதுக்கெல்லாம் தூக்க மாட்டேன்."