மூணு தடவ போனவன்

என் கொழுந்தன் செத்து ஒரு வருஷம் ஆச்சு. ரொம்ப நல்லவன்னு எல்லாரும் சொல்றாங்க. செத்தவன எவன் கெட்டவன்னு சொல்லுவான்? நான் சொல்றதக் கேளுங்க.

நான் கல்யாணமாகி வந்தப்ப அவனுக்கு மூக்கு ஒழுகிட்டே இருக்கும். தொடச்சு விட்டவ நான். வளந்து கோர்ட்டு வேலைக்குப் போனான். ஜட்ஜு போட்ட உத்தரவ உரியவங்க கையில குடுத்து கையெழுத்து வாங்கணும். அவங்க வாங்கிக்கலன்னா மூணு தடவ போகணும். மூணாவது தடவையும் வாங்கலன்னா அவங்க கதவுல ஒட்டிட்டு வந்துடலாம், கையில குடுத்த மாதிரிதான். அதுக்காகப் பையில எப்பவும் பசை டப்பா. தெருவுல அவன் பேரே பசடப்பாதான்.

கல்யாணம் பண்ணிக்கல. என் வீட்டுக்காரர் போனப்புறமும் எங்க வீட்டு முன்னறையிலதான் கெடந்தான்.

ஒரு வருஷம் நாட்டுத் தலைவர் எங்க தெருவையே இடிக்கச் சொல்லிட்டார். அவர் கார் வரிசை போக ரோடு பத்தலையாம். சட்டசபையக் கேட்டுத்தான் செய்யணுமாம். கேக்கவே இல்ல, தன்னிஷ்டத்துக்குக் கையெழுத்துப் போட்டுட்டார். தெருக்காரங்க கேசு போட்டோம்.

"ராஜா காலத்துல கேக்க நாதியில்ல அண்ணி. இப்ப அப்படியா? தலைவரே ஆனாலும் ஜட்ஜு நில்லுன்னா நிக்கணும்"னு நெஞ்ச நிமித்திச் சொன்னான் பசடப்பா. நானும் நம்பித் தொலச்சேன்.

ஜட்ஜு நில்லுன்னுதான் சொன்னார். காலைல பத்து மணிக்கு உத்தரவு. கொண்டு போனது இவன். புல்டோசர் அப்பவே தெருமுனைக்கு வந்துடுச்சு.

பத்தரைக்குத் தலைவர் ஆபீசுக்குப் போனான். "ஐயா மீட்டிங்ல இருக்கார்." ஒரு மணிக்குப் போனான். "ஐயா சாப்பிடுறார்." நான் போன் போட்டேன்.

"டேய், ஒட்டிட்டு வாடா!"

"ரெண்டு தடவதான் அண்ணி ஆச்சு. நம்ம வீடாச்சேன்னு அவசரப்பட்டு ஒட்டினேன்னு வைங்க, செல்லாதுன்னு தூக்கிப் போட்டுடுவாங்க."

"வாசல்ல உறுமுதுடா அது!"

"முறைன்னு ஒண்ணு இருக்குல்ல அண்ணி."

முறையாம். ஜட்ஜு கட்டு போட்டது தலைவருக்கு, கட்டுப்பட்டு நின்னது இந்தப் பய.

டிரைவர்கிட்ட ஓடினேன். "தம்பி, கோர்ட்டு தடை குடுத்துடுச்சுப்பா."

"எங்க ஆபீசுக்கு வரலையேம்மா. வந்திருந்தா எனக்கென்ன வேண்டுதலா? தள்ளி நில்லுங்க, தூசி அடிக்கும்."

வீட்ட இடிக்கிறவன், என் மேல தூசி படக்கூடாதுன்னு பாத்தான். மூணு மணிக்கு முன்னறை விழுந்துச்சு, பசடப்பா கட்டிலோட.

நாலு மணிக்கு மூணாவது தடவ. "ஐயா கெளம்பிட்டார்." ஒட்டினான். ரெண்டு சாட்சி வச்சு, ஒரு ஓரம் கோணாம. சட்டையெல்லாம் பசையோட வந்து நின்னான்.

"ஒட்டிட்டேன் அண்ணி."

"இங்க ஒட்டறதுக்கு ஒரு செவுரு காட்டுடா பாப்போம்."

செங்கக் குவியல் மேல உக்காந்து அழுதான். மூக்கு ஒழுகுச்சு. நான் தொடச்சு விடல.

ஏழு மாசம் கழிச்சு ஜெயிச்சோம். தலைவர் செஞ்சது தப்புன்னு ஜட்ஜு எழுதினார். உத்தரவு முறைப்படி போய்ச் சேந்துச்சுன்னும் ஒரு வரி இருந்துச்சாம், பசடப்பாவுக்கு அதுல பெருமை வேற. தலைவர் அதே நாற்காலியில. அவர் காரு எங்க அடுப்படி மேல போகுது.

தீர்ப்பு காயிதத்த எனக்குக் கொண்டு வந்து குடுத்ததும் இவன்தான். மக வீட்டு மாடிப்படிக்கு அடியில ஒண்டிக் கெடந்தேன். "அண்ணி, ஒரு கைநாட்டு"ன்னு தலையத் தூக்காம மை டப்பாவ நீட்டினான்.

வச்சுத் தொலச்சேன். வாங்க மாட்டேன்னா இன்னும் ரெண்டு தடவ வந்து நிப்பானே, பாவி.