அக்குளில் வந்த ஈரம்

அரியலூரிலிருந்து கீழப்பழுவூர் போகும் சாலையில் பஞ்சர் கடை வைத்திருக்கும் வெற்றிச்செல்விக்கு வாய் கொஞ்சம் அதிகம். கைவேலை சுத்தம் என்பதால் ஊர் பொறுத்துக்கொண்டது. லாரி ஓட்டும் கணவர் மாயவன் டயர் கழற்றுவதைப் பார்த்துப் பார்த்தே தொழிலைப் பிடித்தவள். பதினெட்டு வருடத்தில் அவள் போட்ட ஒட்டுப் பிரிந்து யாரும் திரும்பி வந்ததில்லை. அப்படித்தான் அவளே சொல்லிக்கொள்வாள்.

அந்தப் பெருமைக்கு அவள் தம்பி அறிவரசன் வேட்டு வைத்தான். சுண்ணாம்புக்கல் வெட்டிக் கைவிட்ட குழிகளில் நாற்பதடிக்குத் தண்ணீர் நிற்கும். அதில் இறங்கி, மூழ்கிப்போன மோட்டார்களை மேலே ஏற்றுவது அவன் பிழைப்பு. உடம்பில் தண்ணீர் படாமல் கழுத்துவரை மூடும் அவனுடைய ரப்பர் உடை, கல்லில் உரசி அக்குளில் கிழிந்துவிட்டது. வெற்றிச்செல்வி டயருக்குப் போடுவதுபோலக் கனத்த ஒட்டுப் போட்டு, காற்றடித்து, கடைத் தொட்டியில் முக்கிப் பார்த்தாள். ஒரு குமிழிகூட வரவில்லை.

மறுநாள் மதியம் அவன் நடுங்கிக்கொண்டே கடைக்கு வந்தான்.

"இருபதடியில நெஞ்சு வரைக்கும் தண்ணி ஏறிடுச்சுக்கா. காலு ரெண்டும் கல்லாட்டம் கனத்துப்போச்சு. நான் மேல வந்ததே மறுபொறப்புதான்."

பெற்ற பிள்ளைபோல வளர்த்த தம்பியைத் தன் கை ஒட்டே கொன்றிருக்குமே! ஆனாலும் அவள் அழுதுகொண்டு உட்காரும் ரகம் இல்லை. உடையை விரித்துப் போட்டுப் பார்த்தாள். ஒட்டு ஒழுங்காகத்தான் இருந்தது. கைப்பக்கத்தைத் தூக்கிப் பிடித்ததும் அதன் ஓரம் மீன் வாய்போலத் திறந்தது.

"டியூபுக்கு ஏதுடா அக்குளு? கெடத்திப் போட்டே பாத்துட்டேன். அது என்ன கைய ஆட்டுமா, கால ஆட்டுமா?"

கனத்த ஒட்டை உரித்தெறிந்தாள். சைக்கிள் டியூபில் மெல்லிய துண்டாக வட்டமாய் நறுக்கினாள். உடையின் கையைத் தூக்கிக் கொக்கியில் மாட்டி, இழுபட்ட நிலையிலேயே ஒட்டிக் காயவிட்டாள்.

அடுத்த நாள் காலை, குழிக்கரையில் அறிவரசன் உடைக்குக் கை நீட்டினான்.

"மொதல்ல நானு," என்றாள்.

இருவருக்கும் ஒரே உயரம். ஏலாக்குறிச்சியில் பிறந்து கொள்ளிடத்தில் நீந்தி வளர்ந்தவளுக்குத் தண்ணீர் புதிதும் இல்லை. அவனுடைய பருத்திச் சட்டையைப் போட்டு, அதன்மேல் உடையை மாட்டி, மிதக்காமலிருக்க ஈயப்பட்டையை இடுப்பில் கட்டிக்கொண்டு, முன்பு கல் ஏற்ற லாரிகள் இறங்கிய சரிவில் கழுத்தளவுக்கு இறங்கினாள். மோட்டாருக்குக் கயிறு கட்டுவதுபோல அரைமணி நேரம் கைகளைத் தூக்கித் தூக்கி வீசினாள்.

மேலே வந்து உடையைக் கழற்றியபோது சட்டையின் அக்குளில் உள்ளங்கை அகலத்துக்கு ஈரம். அறிவரசன் முகம் சுண்டிப்போனது.

"விடுக்கா. வேற உடுப்பு வாங்கிக்கலாம்."

அவள் ஈரத்தைத் தொட்டு நாக்கில் வைத்தாள். குழித் தண்ணீரின் சப்பென்ற சுண்ணாம்பு ருசி இல்லை, உப்புக் கரித்தது. ஒட்டே போடாத மறுபக்க அக்குளையும் தொட்டுப் பார்த்தாள். அங்கும் அதே ஈரம், அதே உப்பு.

"இது என் வேர்வைடா," என்றாள். "நீ எறங்கு. கயித்த நான் புடிச்சுக்கிறேன்."