பள்ளத்தின் மேல் வெள்ளி மை

படக்கதைப் பதிப்பு விசித்திரமான தொழில்: நீங்கள் போட்ட புத்தகத்தை ஊரே படித்திருக்கும், வாங்கியவரை மட்டும் கண்ணால் பார்க்க முடியாது. பதிப்பில் இறங்கிக் கையைச் சுட்டுக்கொண்ட என் இனத்தாருக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

சிங்கப்பூர் அச்சகம் ஒன்றில் இருந்துவிட்டு ரங்கூன் திரும்பியவன் நான். தமிழிலும் பர்மியத்திலும் படித்ததால் இரண்டு மொழியிலும் கதை விடத் தெரியும். தொண்ணூறுகளின் நடுவில், ஆற்றுக்கு அக்கரையிலிருக்கும் தன்லியினில் கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதிக்கொண்டிருந்த கோ தெய்னிடம், “பலகையை விடுங்க, படம் போடுங்க” என்றேன். நம்பி வேலையை விட்டார். தினமும் பஸ்ஸில் பாலம் தாண்டி வந்தார். அவர் வீட்டில் உலை கொதிப்பது அன்றிலிருந்து எங்கள் படக்கதை நாயகனான துப்பறியும் நிபுணரின் பொறுப்பு.

கெட்டி பைண்டிங்

சிங்கப்பூர் வித்தையைக் காட்ட வேண்டாமா? முதல் புத்தகத்தைத் தைத்து, முதுகுக்குத் துணி ஒட்டி, கல் மாதிரி பைண்டு செய்தேன். இங்கே படக்கதையை யாரும் வாங்குவதில்லை. தெருமுனை வாடகைக் கடையில் எடுத்து, அங்கேயே முக்காலியில் உட்கார்ந்து படித்துவிட்டுத் திருப்பிக் கொடுப்பார்கள். இருக்கும் பிரதி கிழிந்தால்தான் கடைக்காரர் அடுத்ததை வாங்குவார். இது எனக்கு உறைக்கவில்லை.

எங்கள் தெரு வாடகைக் கடை டோ ரோஸியுடையது; ஆணுக்குக் ‘கோ’ போல, பெண்ணுக்கு ‘டோ’ பர்மிய மரியாதை. மிஷன் பள்ளியில் படித்த தமிழ் அம்மாள். இன்னொரு பிரதி வேண்டுமா என்று கேட்டேன்.

“எதுக்கு தம்பி? பேட்டையே படிச்சிருச்சு, ஒரு தாள் அசையலியே. இது என் பேரன் காலம் வரைக்கும் வரும்.”

கதையில் வரும் தெரு

அப்போதைய முறை இது: முழுவதும் அச்சடித்துவிட்டுத்தான் தணிக்கைக்குக் கொண்டுபோக வேண்டும். அவர்கள் காட்டிய இடத்தை ஒவ்வொரு பிரதியிலும் நாமே வெள்ளி மை பூசி மறைக்க வேண்டும். இரண்டாம் புத்தகத்தில் எங்கள் துப்பறியும் நிபுணர் திருடனைத் துரத்திப் போய் ரோட்டுப் பள்ளத்தில் விழுகிறார். அதிகாரி அந்தப் படத்தில் விரலை வைத்து, எந்தத் தெரு என்று கேட்டார். “கதையில வர்ற தெரு, ஸயா” என்றார் கோ தெய்ன் பணிவாக.

“கதையில வர்ற தெருவையும் நாங்க நல்லாத்தான் வச்சிருக்கோம்.”

அடியில் யார்

தலையெழுத்து என்று பள்ளத்தை மறைத்துக் கடைக்கு விட்டோம். வாடகைக்கு எடுத்தவர்கள் பிளேடால் சுரண்டினார்கள், வெயிலுக்கு நேரே பிடித்தார்கள், மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்தார்கள். தாள் கிழிந்தது. டோ ரோஸி அடுத்த பிரதிக்கு ஆள் அனுப்பினார். நிம்மதியாகச் சுரண்டுவதற்கென்றே சிலர் சொந்தமாக வாங்கினார்கள். ரங்கூனுக்கு வடக்கே மாவ்பியிலிருந்து தெற்கே கியாக்தான் வரை கடைகள் கேட்டன.

அதன்பின் ஒவ்வொரு புத்தகத்திலும், நிச்சயம் மாட்டும் என்று தெரிந்த ஒன்றைக் கோ தெய்ன் வரைந்தார்: எரியாத தெருவிளக்கு, அரிசிக்கு நிற்கும் கியூ. தவறாமல் மாட்டின. அவர் வீட்டுக் கூரையில் ஓலை போய்த் தகரம் வந்தது. டீக்கடையில் ஒருவர் என்னை ஓரமாக இழுத்துப் போனார்.

“அந்தப் பள்ளத்து மைக்கு அடியில யார் முகம்னு எனக்குத் தெரியும், கோ யூசுப். நீங்க வாயைத் திறக்காதீங்க, உங்களுக்கு ஆபத்து.”

ரசிகனின் அப்பா

அந்த அதிகாரி மாற்றலாகிப் போய்ப் புதியவர் வந்தார். எங்களுக்கு டீ சொன்னார். தன் மகன் எங்கள் ரசிகன் என்றும், ஒரு கோடுகூடத் தொட வேண்டாமென்று எழுதிவிட்டதாகவும் சொன்னார். நன்றி சொல்லிவிட்டு இழவு வீட்டிலிருந்து வருகிறவர்கள் போல வெளியே வந்தோம். டோ ரோஸி புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டிவிட்டுத் திருப்பி நீட்டினார்.

“என்ன தம்பி, இதுல ஒண்ணுமே இல்லியே?”

யார் வேலை

அடுத்தடுத்த புத்தகங்களையும் புதிய அதிகாரி அன்போடு, தொடாமல் விட்டுவிட்டார். கட்டுகள் பிரிக்காமலே திரும்பி வந்தன. கோ தெய்ன் பலகை வேலை விசாரிக்க ஆரம்பித்திருந்தார். கடைசி முயற்சியாக, ஒரு கட்டத்தை வெறுமனே விட்டு, அதன்மேல் யாரும் சொல்லாமலே நாங்களாக வெள்ளி மை பூசினோம். அமோகமாக விற்றது. உடனே கூப்பிட்டனுப்பினார்கள்.

ரசிகனின் அப்பா உண்மையிலேயே மனம் நொந்திருந்தார். அடியில் ஒன்றுமில்லை என்று அவர் முன்னாலேயே சுரண்டிக் காட்டினோம். ஒன்றுமில்லாததை மறைத்தது அவருக்கு இன்னும் பெரிய குற்றமாகப் பட்டது. பதிப்பு உரிமத்தை இழுத்துத் தன் மேஜைக்குள் வைத்துப் பூட்டினார்.

“மறைக்கிறது எங்க வேலை. அதையும் நீங்களே செஞ்சுக்கிட்டா நாங்க எதுக்கு?”

புதிய ஆர்டர்

நான் மறுபடி சிங்கப்பூர் போய், மறுபடி திரும்பினேன். கோ தெய்ன் முகத்தில் எப்படி விழிப்பது என்ற யோசனையுடனேயே தன்லியின் பஸ் ஏறினேன். தகரக் கூரைக்குக் கீழே உட்கார்ந்து, ரோட்டோரம் நடுவதற்கான பலகைகளில் ‘முன்னால் பள்ளம், மெதுவாகச் செல்க’ என்று வரிசையாக எழுதிக்கொண்டிருந்தார். எழுத்துக்குக் கீழே, விழப் போகும் ஓர் ஆள். எங்கள் துப்பறியும் நிபுணரின் சாயல்.

“வாங்க, கோ யூசுப். இப்பப் பள்ளத்துக்கு அனுமதி கேட்டு அலைய வேணாம், ஆர்டரே சர்க்கார்கிட்டேருந்துதான் வருது.”

ஆக, வரைந்த பள்ளத்தால் பிழைத்து, வரையாத பள்ளத்தில் விழுந்த பதிப்பகம் எங்களுடையது.