மெர்வின் சட்டைகளில் இடக்கைத் தையல்

கிளெனிஸ் தன் புருஷனின் பதினான்கு சட்டைகளைக் காரின் பின்சீட்டில் ஏற்றியபோது, இடம் போதாமல் என் தலையணையை மடியில் வைத்துக்கொண்டவள் நான். மெர்வின் இறந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. அந்தச் சட்டைகளை வெட்டித் துண்டு துண்டாகச் சேர்த்து ஒரு போர்வை தைப்பது என்று முடிவெடுத்திருந்தாள். ஆனால் அவள் வீட்டில் வைத்துக் கத்திரியை எடுக்கக் கை வரவில்லையாம். கடற்கரைக்குப் போய் ஆரம்பிக்கலாம் என்றாள்.

ஜூலையில் ஆடுகள் குட்டி போட்டு முடிந்ததும் கிளெனிஸ், ரேலீன், நான் மூன்று பேரும் போர்ட் ஹியூஸ் கடற்கரையில் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து நான்கு நாள் உட்கார்ந்து தைப்போம். பத்தொன்பது வருட வழக்கம். ஆஸ்திரேலியாவில் அது குளிர்காலம், அப்போது அங்கே பெலிக்கன்களைத் தவிர யாரும் இருக்க மாட்டார்கள். ஆண்களுக்கு அனுமதி இல்லை, தையல் மெஷினுக்கும் இல்லை. இரண்டுமே வெறும் சத்தம் என்பாள் ரேலீன். வீட்டைப் பிடிப்பது, கார் ஓட்டுவது, மூன்று வேளைச் சாப்பாட்டைத் திட்டம் போடுவது எல்லாம் ரேலீன்தான். பூசணி சூப்பை அவள் வைத்தால்தான் சூப். நான் பாத்திரம் கழுவுவேன், குறை சொல்வேன்.

கிளெனிஸ் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூட பஸ்ஸை முப்பது வருடம் ஓட்டியவள். எந்தப் பையன் சீட்டுக்கு அடியில் சூயிங்கம் ஒட்டுகிறான் என்று முன்னால் மாட்டிய கண்ணாடியில் பார்த்தே பெயர் சொல்லிக் கூப்பிடுவாள். "என் முதுகுலயும் கண்ணு இருக்குடி" என்று பீற்றிக்கொள்வாள். இதை ஏன் சொல்கிறேன் என்றால், அப்புறம் நடந்ததில் அவளை அதிகம் அறுத்தது அந்தக் கண்தான்.

எங்கள் வியாழக்கிழமைத் தையல் கூட்டத்தில் பதினோரு பேர். யார் தையல் எது என்று பெயர் பார்க்காமலே எல்லாருக்கும் தெரியும். கிளெனிஸுடையது எறும்பு வரிசை. என்னுடையது பல் விழுந்த சீப்பு. ரேலீன் இடக்கைக்காரி. எங்கள் தையலெல்லாம் ஒரு பக்கம் சாய்ந்தால் அவளுடையது மட்டும் எதிர்ப்பக்கம் சாயும். முடிக்கிற இடத்தில் குறுக்காக இரண்டு இழை போட்டுத்தான் நூலை அறுப்பாள். எங்களிடம் இன்னொரு வழக்கமும் உண்டு. எந்தப் போர்வையானாலும் அதில் ஊசி வைத்த எல்லாருடைய பெயரையும் ஒரு துணித்துண்டில் எழுதிப் பின்பக்கம் தைத்துவிட வேண்டும். ஒரே ஒரு தையல் போட்டவள் பெயரும் அதில் இருக்கும்.

முதல் நாள் காலை, தேநீர் முடிந்ததும் கிளெனிஸ் சட்டைக் கட்டை ஜன்னலோர மேசையில் வைத்தாள்.

"குடுடி, நான் வெட்டறேன். உனக்கு மனசு கேக்காது," என்று ரேலீன் கையை நீட்டினாள். கிளம்புவதற்கு முந்தின வாரமும் இதையேதான் சொல்லியிருந்தாள், தானே வெட்டி எடுத்து வருவதாக. நல்ல மனசு என்று நான் நினைத்தேன்.

"மனசு கேக்காட்டி போகுது, கத்திரி கேக்கும்," என்றாள் கிளெனிஸ்.

முதல் சட்டை நீலக் கட்டம் போட்டது. பக்கத் தையலை ஒட்டி வெட்டுவதற்காக அதை உள்வெளியாகப் புரட்டினாள். புரட்டியவள் அப்படியே நின்றுவிட்டாள். கடையில் போட்ட மெஷின் தையல் ஓரத்தில் இருந்தது. அதிலிருந்து ஒரு விரல் உள்ளே தள்ளி இன்னொரு தையல், கையால் போட்டது. சட்டையை இறுக்கமாக்கச் சைடு பிடித்திருந்தார்கள். அவள் நகத்தால் அதைத் தடவிக்கொண்டே அக்குள் வரை போனாள். அங்கே குறுக்காக இரண்டு இழை.

நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தேன். தையல் எதிர்ப்பக்கம் சாய்ந்திருந்தது.

கிளெனிஸ் அந்தச் சட்டையை மேசையில் விரித்து வைத்தாள். அடுத்த சட்டையைப் புரட்டினாள், அதற்கடுத்ததை, அதற்கடுத்ததை. சிலவற்றில் ஒரு விரல் பிடித்திருந்தது, சிலவற்றில் இரண்டு. மெர்வின் ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போட்டு வரும் பழுப்புச் சட்டையில் மூன்று விரல், அதுவும் மூன்று தடவையாகப் பிடித்தது. மேசை முழுக்கப் பரப்பி முடித்த பிறகுதான் நிமிர்ந்தாள்.

"என் புருஷன் சட்டையில உனக்கு என்னடி வேலை?"

ரேலீன் அடுப்புப் பக்கம் திரும்பி நின்றாள்.

"எத்தனை வருஷமா நடக்குது?"

எனக்கும் அதே நினைப்புதான் ஓடியது, பொய் சொல்ல மாட்டேன். ரேலீன் விருட்டென்று திரும்பினாள்.

"ஐயோ, அது இல்லடி! சத்தியமா அது இல்ல."

"அப்ப எது?"

ரேலீன் நாற்காலியில் உட்கார்ந்தாள். எழுந்தாள். மறுபடி உட்கார்ந்தாள்.

"போன வருஷம் ஜூன்ல ஒரு பையோட வந்தாரு. வயித்துல கட்டின்னாரு. ஒரு வருஷம் தாண்டாதுன்னு டாக்டர் சொல்லிட்டாராம். 'சட்டை தொளதொளன்னு ஆகுது, கிளென் கண்ணுல பட்டா போச்சு, சைடு பிடிச்சுக் குடு'ன்னாரு. அப்புறம் மெலிய மெலியக் கொண்டாந்துட்டே இருந்தாரு."

நான் அந்த வருடத்தை நினைத்துப் பார்த்தேன். மெர்வின் தாடி விட்டார். பியரையும் இறைச்சி பஃப்ஸையும் நிறுத்திவிட்டேன், சர்க்கரை ஏறுகிறது என்றார். ஆட்டு மந்தையை அண்ணன் மகனிடம் ஒப்படைத்துவிட்டு, வீட்டில் துணி துவைக்கும் வேலையைத் தானே எடுத்துக்கொண்டார். கிளெனிஸ் அந்த வருடம் ஒரு பெரிய போர்வையில் மூழ்கியிருந்தாள். "நீ உன் போர்வையைப் பாரு" என்றாராம். வியாழக்கிழமைக் கூட்டத்தில் அதை கிளெனிஸ் சொன்னபோது எங்களுக்கெல்லாம் வயிறு எரிந்தது. ஒரு தடவை நானே கோயில் வாசலில் கேட்டேன், மெர்வின் இளைத்துவிட்டாரே என்று. "போடி, சட்டையெல்லாம் கச்சிதமா நிக்குது, என்னத்த இளைச்சாரு?" என்று கிளெனிஸ் சிரித்தாள். ரேலீன் அப்போது என் பக்கத்தில் நின்று கேக் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

மார்ச்சில் மெர்வின் விழுந்தார், பதினோராம் நாள் போய்விட்டார். எவ்வளவு நாளாக இருக்கிறது என்று கிளெனிஸ் டாக்டரைக் கேட்டபோது மெர்வின் முந்திக்கொண்டு "இப்பத்தான்" என்றாராம். செத்தவரைக் குறை சொல்லக் கூடாதாம். நான் சொல்வேன். அந்த மனிதர் செய்தது அநியாயம்.

"நீ அந்தப் போர்வையைச் சந்தோஷமா முடிக்கணும்னு ஆசைப்பட்டாரு," என்றாள் ரேலீன். "நீ அழுதுட்டே தன்னைப் பாத்துட்டு இருக்கறதைத் தாங்க முடியாதுன்னாரு. நீ நல்லா இருக்கணும்னுதான்..."

"அது அவரு நெனைப்பு. நீ? வாரா வாரம் என் முழங்கை இடிக்க உக்காந்து தைச்சியே. எனக்கு நூல் கோத்துக் குடுத்தியே."

"வாக்குக் குடுத்துட்டேன்டி."

"முப்பத்தியெட்டு வருஷ சிநேகத்துல எனக்கு என்ன குடுத்த?"

கிளெனிஸ் ஜன்னலைப் பார்த்தாள், பிறகு அந்த அறையையே புதிதாகப் பார்ப்பது போல் பார்த்தாள்.

"போன வருஷம் நாலு நாளை ஒம்பது நாளாக்கினது யாரு?"

வாடகை வீட்டுக்காரர் கூடுதலாக ஐந்து நாள் சும்மா தருகிறார் என்று ரேலீன்தான் சொன்னாள். கிளெனிஸ் வர மாட்டேன் என்று அடம்பிடித்தபோது வீட்டுக்கே போய்ப் பெட்டியைக் கட்டி இழுத்து வந்தவளும் அவள்தான்.

"சொல்லுடி."

"அடிலெய்டு ஆஸ்பத்திரியில அவரு கட்டிக்குக் கரண்ட் வைக்கணும்னாங்க," என்றாள் ரேலீன் மெல்ல. "ஒம்பது நாளு. உன்னை எங்கேயாவது கூட்டிட்டுப் போயிடுன்னு அவருதான் கேட்டாரு."

கிளெனிஸ் என் பக்கம் திரும்பினாள்.

"தினம் சாயங்காலம் இங்கேருந்துதான் போன் பண்ணினேன், அவிஸ். நாய் சத்தமே கேக்கலையேன்னு கேட்டேன். 'ரெண்டும் தூங்குதுங்க'ன்னாரு. ஆஸ்பத்திரிக் கட்டில்ல படுத்துட்டு. நான் இதே நாற்காலியில உக்காந்து சிரிச்சேன். நாய்ங்க கூட எஜமானி இல்லாம நிம்மதியாத் தூங்குதுன்னு சொன்னேன். நீயும் சிரிச்ச."

சிரித்தேன். இப்போதும் அது காதில் கேட்கிறது.

கோட்டுகூட இல்லாமல் அவள் வெளியே நடந்தாள். நான் கோட்டை எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினேன். படகுத்துறை நுனிவரை போய் நின்றோம். காற்று முகத்தில் உப்பை அடித்தது. அவள் அழவில்லை.

"கள்ள உறவா இருந்திருந்தா ரெண்டு பேரையும் திட்டித் தீத்திருப்பேன்," என்றாள். "இதுக்கு என்னன்னு சொல்லித் திட்டறது? ஊரே சொல்லும், பாவம் நல்ல மனுஷன், நல்ல சிநேகிதின்னு. ஒம்பது மாசம் என் புருஷன் செத்துட்டு இருந்தாரு. நான் போர்வைக்கு ஓரம் தைச்சிட்டு இருந்தேன்."

திரும்பி வந்ததும் தையல் பிரிக்கும் ஊசியை எடுத்து உட்கார்ந்தாள். சாயங்காலம் வரை ரேலீனின் தையலை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். நல்ல கை அது, சுலபத்தில் பிரியவில்லை. நான் உதவ வந்தபோது தலையை ஆட்டிவிட்டாள். மடிப்புக்குள் இருந்த துணி வெயில் படாமல் வாங்கிய நாளின் நிறத்தில் இருந்தது. ஒவ்வொரு சட்டையையும் மெர்வினின் பழைய அளவுக்குக் கொண்டுவந்து, நீவி, மடித்து வைத்தாள். பழுப்புச் சட்டையை மட்டும் தொடவில்லை. எதிரில் ரேலீன் உட்கார்ந்தே இருந்தாள். அவள் வைத்த சூப் ஆறி ஆடை கட்டியது, மூன்று பேரில் யாரும் கரண்டியை எடுக்கவில்லை.

மறுநாளே கிளம்பினோம். காரை நான் ஓட்டினேன். ரேலீன் தன் சொந்தக் காரிலேயே பின்சீட்டில் சட்டைகளோடு உட்கார்ந்து வந்தாள்.

அதற்குப் பிறகு நான்கு மாதம் கிளெனிஸ் கூட்டத்துக்கு வரவில்லை. நவம்பரில் ஒரு வியாழக்கிழமை, அறுவடைக்கு முந்தின வாரம், ஒரு மூட்டையோடு வந்தாள். நாங்கள் பெரிய மேசையைக் காலி செய்தோம். போர்வையை விரித்தாள். நீலமும் பச்சையும் சாம்பலும், எறும்பு வரிசையில். நடுவில் பழுப்பாக ஒரு பெரிய துண்டு. அதை மட்டும் உள்பக்கம் வெளியே தெரியும்படி வைத்துத் தைத்திருந்தாள். மூன்று தடவை பிடித்த தையல் அதன் குறுக்கே போனது, எதிர்ப்பக்கம் சாய்ந்து, நுனியில் குறுக்காக இரண்டு இழையோடு.

பதினோரு பேருக்கும் அந்தக் கை தெரியும். ஒருத்தி பார்த்துவிட்டு இன்னொருத்தியைப் பார்த்தாள், அப்புறம் எல்லாரும் ரேலீனைப் பார்த்தார்கள்.

ரேலீன் கிட்டே வந்து போர்வையின் மூலையைத் தூக்கிப் பின்பக்கத்தைப் பார்த்தாள். பெயர்த் துணியில் 'கிளெனிஸ்' என்று மட்டும் இருந்தது.

"என் பேரு போடலையாடி?" என்றாள்.

"பின்னாடி எதுக்கு?" என்றாள் கிளெனிஸ். "அதான் முன்னாடியே இருக்கே."