கெட்டிமேளம் இல்லாத ஆட்டம்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் வெம்பிளி, கிங்ஸ்பரிப் பக்கம் நடந்த தமிழ்க் கலியாணங்களில் அநேகமானவை என் வீடியோ கமராவுக்குத் தப்பவில்லை. வார நாட்களில் பெற்றோல் நிலையத்தில் வேலை. சனி, ஞாயிறுகளில் நான் கலைஞன். எங்கள் ஆட்கள் சாமத்தியச் சடங்குக்கு வாடகைக்கு எடுக்கும் மண்டபங்களில் ஒன்று, ஒரு ரக்பி கழகத்தின் கட்டிடம். பியர் மணத்தை ஊதுபத்தியால் அடக்கிவிட்டு, பெரியவளான பிள்ளைக்கு ஆராத்தி எடுப்போம்.

அப்படி ஒரு சடங்கில், கமராவைத் தோளில் வைத்துக்கொண்டு நாற்காலிமேல் ஏறி நின்ற என்னைக் கழகத்தின் கப்டன் கண்டுவிட்டார். தண்ணீர்க் குழாய் திருத்துபவர்; தலை நேராகத் தோளில் உட்கார்ந்திருக்கும், கழுத்து இருப்பதற்கு அடையாளமே இல்லை. சின்னக் கழகங்களுக்கென்று நாடு முழுக்க ஒரு கிண்ணப் போட்டி நடக்கிறதாம். தோற்றால் அன்றோடு சரி. வென்றுகொண்டே போனால் இறுதி ஆட்டம் தேசிய மைதானத்தில். இன்னும் மூன்று ஆட்டம்தான் மிச்சம். இதுதான் தனக்குக் கடைசி வருடம், வரும் சனிக்கிழமை ஆட்டத்தைப் படம் பிடிக்க முடியுமா என்று கேட்டார். ஆயிரம் பேர் வந்த கலியாணத்தையே எடுத்தவனுக்கு மைதானத்தில் ஓடும் முப்பது பேர் ஒரு பொருட்டா? தலையை ஆட்டினேன்.

சனிக்கிழமை வெளிக்கிடும்போது என் மனைவி நினைவுபடுத்தினாள்: "ஆர் ஆர் வந்தது, என்ன சாப்பிட்டது எண்டு வடிவா எடுங்கோ. அதைத்தானே சனம் பாக்கும்."

அவள் சொன்னது எங்கள் தொழிலின் முதல் விதி. எங்கள் வீடியோக் கொப்பிகள் ரொறன்ரோவுக்கும் பாரிசுக்கும் போகும். அங்கே படத்தை நிறுத்தி நிறுத்தி, யார் யாரோடு வந்தார், யார் கழுத்தில் எந்த நகை என்று பார்ப்பார்கள். சாப்பாட்டு மேசையில் ஒருவரை விட்டுவிட்டால் இரண்டு குடும்பம் கதைக்காமல் போகும். தாலி கட்டுவதைப் பற்றிக் கவலையே இல்லை. அதற்குக் கெட்டிமேளம் இருக்கிறது. அதோடு, ஐயர் என் முகத்தைப் பார்த்து, நான் தலையசைத்த பிறகுதான் மாப்பிள்ளை கையில் தாலியைக் கொடுப்பார்.

ரக்பி நடுவர் என்னைத் திரும்பியும் பார்க்கவில்லை. மழைக்கால மைதானம். இடைவேளைக்குள் முப்பது பேரும் ஒரே சேற்று நிறம். மாப்பிள்ளை வீடு எது, பொம்பிளை வீடு எது என்று பிரிக்க முடியவில்லை. பந்தோ அநேக நேரம் பத்துப் பேருக்கு அடியில் கிடந்தது. ஆகவே எனக்குத் தெரிந்ததை எடுத்தேன். ஓரத்தில் ஒரு மேசை, தேநீர், சொசேஜ் ரோல், அறுபது விருந்தாளிகள். ஒருவரையும் விடவில்லை.

கப்டனின் மனைவியை நெருக்கமாக எடுத்துக்கொண்டிருந்தபோதுதான் மைதானம் அலறியது. நான் கமராவைத் திருப்புவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. கோட்டுக்கு அப்பால் பந்தைக் கொண்டுபோய் நிலத்தில் ஊன்றினால் அதற்குப் பெயர் ட்ரை. பதினாறு வருடம் விளையாடி ஒரு ட்ரைகூடப் போடாத கப்டன், ஆட்டத்தை வென்று கொடுத்த ட்ரையை அப்போது போட்டிருந்தார்.

சேறு வழிய ஓடி வந்து என் இரண்டு தோளையும் பிடித்தார்.

"எடுத்தாயா?"

"எடுத்தேன்" என்றேன். இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

வீட்டில் போட்டுப் பார்த்த மனைவி, "வடிவா வந்திருக்கு. ஆனா இஞ்சாருங்கோ, பந்து எங்கை?" என்றாள். நான் எடிட்டிங்கில் பந்துக்குப் பதிலாக ரோஜா இதழ்கள் விழச் செய்தேன். கப்டனின் முகத்தை ஒரு தாமரைக்குள்ளிருந்து எழும்ப வைத்தேன். பின்னணியில் வீணை.

அடுத்த சுற்றில் அவர்கள் படுதோல்வி. தேசிய மைதானக் கனவு பொய்த்துப் போனது. கப்டனுக்கு மிஞ்சியிருந்தது அந்த ட்ரை மட்டும். அதைப் பார்க்கக் கழகமே கூடியது. அவருடைய மனைவி முன்வரிசையில் இருந்து எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருந்தார்: அந்தக் கணத்தைத் தான் கண்ணால் கண்டது, கண்டதும் அழுதுவிட்டது, இன்னும் கண்ணுக்குள்ளேயே நிற்பது. கப்டன் அவருடைய கையைப் பிடித்தபடி இருந்தார்.

தாமரைக்கு நன்றாகச் சிரித்தார்கள். பிறகு அந்த இடம் வந்தது. மைதானத்தைப் பார்த்து நிற்கிறார் மனைவி, கையில் சொசேஜ் ரோல். "மேடம், இந்தப் பக்கம்" என்று என் குரல். அவர் மைதானத்துக்கு முதுகைக் காட்டித் திரும்பி, கமராவுக்கு அழகாகச் சிரிக்கிறார். பின்னால் அலறல். சிரிப்பு அப்படியே நிற்கிறது. பிறகு பக்கத்தில் நின்ற பெண்ணிடம் கேட்கிறார்: "யார் போட்டது?"

மண்டபம் வெடித்துச் சிரித்தது. கப்டன் மட்டும் சிரிக்கவில்லை. திரும்பப் போடச் சொன்னார். போட்டேன். இன்னொரு முறை என்றார். மூன்றாம் முறை யாருமே சிரிக்கவில்லை.

அவர் மனைவியின் கையை விட்டுவிட்டு மெதுவாகக் கேட்டார்: "அப்போது நீ எதைப் பார்த்து அழுதாய்?"

அந்தப் பெண்மணி என்னைப் பார்த்தார். அவரைத் திரும்பச் சொன்ன பிழை என்னுடையது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நான் குனிந்து வயரைக் கழற்றிச் சுற்றத் தொடங்கினேன்.